கண்ணுக்குத் தெரியாத உப்பு

அணை கட்டிக் கொடுத்த அரசிடமே போய், இதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகள் மன்றாடிய ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரத்துப்பாளையம். நொய்யலின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாய் செலவில் கட்டி, 1992-ல் திறந்த அணை அது. இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களில் 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மானாவாரியாகச் சோளமும் கம்பும் விதைத்து வானத்தைப் பார்த்துக் கிடந்த பூமி. வாய்க்கால் வருகிறது என்றதும் ஜனங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்!

அந்தச் சந்தோஷம் சில வருஷங்கள்கூட நீடிக்கவில்லை. அணையில் வந்து நின்றது திருப்பூரின் சாயத்தண்ணீர். அதைப் பாய்ச்சிய வயல் வெளுத்தது. ஆடு மாடுகள் வாய் வைக்க மறுத்தன. அணையைச் சுற்றியிருந்த கிணறுகளில் உப்பு ஏறியது. அணை இல்லாத காலத்தில் சாயத்தண்ணீர் ஓடிப் போய்விடும். அணை வந்த பிறகு அங்கேயே நின்று பூமிக்குள் இறங்கியது. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மதகைத் திறந்து அணையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பாசனத்துக்காகக் கட்டிய அணை, தண்ணீர் தேக்கக்கூடாத அணையாகிவிட்டது.

தண்ணீர்ப் பஞ்சம் என்றாலே மழை பொய்த்ததைத்தான் நாம் பேசுகிறோம். நொய்யல் கரையில் பேச வேண்டியது வேறு. கையில் இருந்த நல்ல தண்ணீரை நாமே எடுத்துக் கெடுத்து, கீழே இருப்பவனிடம் தள்ளிவிட்ட கதை இது. அதைத் திருத்த முடியும் என்பதற்கான ஆதாரமும் இதே ஆற்றங்கரையில் இருப்பதால்தான் இந்தக் கட்டுரை.

குளத்துக்குக் குளம் கைமாறிய ஆறு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கருகே காவிரியில் சேர்கிறது நொய்யல். பேரூர்க்காரர்களுக்கு அது காஞ்சிமாநதி. பெரிய ஆறு இல்லை. மொத்த ஓட்டமே 180 கிலோமீட்டருக்குள்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது சில நாள் சீறிப் பாயும். பிறகு மெலிந்துவிடும். மலையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் மழை மறைவுப் பிரதேசம். கோவை நகருக்கு வருஷத்துக்குக் கிடைக்கும் மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான்.

இப்படிப்பட்ட ஆற்றை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று பழைய ஆட்கள் யோசித்திருக்கிறார்கள். ஆற்றில் சிறு சிறு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ராஜவாய்க்கால். வாய்க்காலின் வழியில் குளங்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று வரிசையாகக் குளங்களுக்குப் போகிறது. ஒரு குளம் நிரம்பினால் கலங்கல் வழிந்து அடுத்த குளம். எல்லாம் நிரம்பிய பிறகு மிச்சம் மறுபடி ஆற்றுக்கே. நாலு நாள் வெள்ளத்தைப் பிடித்து எட்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. முப்பதுக்கும் மேற்பட்ட குளங்கள் இப்படி ஆற்றோடு கோத்திருந்தன. குளத்தில் நிற்கும் தண்ணீர் மெல்ல இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போகும். கொங்கு நாட்டு விவசாயமே கிணற்று விவசாயம். ஆகவே குளம் என்பது கிணறுகளின் சேமிப்புக் கணக்கு.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு பலவீனம் உண்டு. மேல் குளத்தில் எது கலந்தாலும் அது கீழ்க் குளத்துக்கும் போய்ச் சேரும்.

சாயம் ஏன் உப்பைக் கேட்கிறது

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சுதந்திரத்துக்கு முன்பே வந்துவிட்டன. 1980-களில் ஏற்றுமதி சூடு பிடித்தது. இன்றைக்கு அந்த ஊரின் ஏற்றுமதி மட்டும் வருஷத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். பல லட்சம் குடும்பங்களுக்கு அங்கே அடுப்பு எரிகிறது. பின்னிய துணி முதலில் வெள்ளாவிக்குப் போகும். அதாவது சலவைப் பட்டறை. பிறகு சாயப்பட்டறை. தண்ணீர் செலவு முழுக்க இந்த இரண்டு இடத்தில்தான். பழைய வின்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் போகும். உள்ளூர்க் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டதால், சுற்றியிருந்த கிராமங்களின் தோட்டக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கினார்கள். வெள்ளாமை வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று நினைத்தவர்கள் ஏராளம். அந்தக் கிணறுகளும் வற்றின.

பருத்தித் துணிக்குப் போடும் சாயத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். தண்ணீருக்குள் பருத்தி நூலும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் தண்ணீரை விட்டு நூலைப் போய்ப் பிடிக்கும். அடர்ந்த நீலம், கறுப்பு, சிவப்பு என்றால் லிட்டருக்கு 60, 70 கிராம் உப்பு வேண்டும். கடல்நீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம்தான். கடலைப் போல இரண்டு மடங்கு கரிக்கும் தண்ணீரில் துணி வேகிறது. வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பில் ஒரு கிராம்கூடத் துணியோடு போகாது. அத்தனையும் கழிவுநீரில்.

ஆற்றில் சாயம் சிவப்பாகவும் பச்சையாகவும் ஓடியதை எல்லோரும் பார்த்தோம். பத்திரிகைகள் வண்ணப்படம் போட்டன. உண்மையான கேடு அந்த நிறத்தில் இல்லை. நிறத்தைச் சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுப் படிய வைத்துவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது. வடிகட்டியிலும் நிற்காது. வெயிலிலும் அழியாது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும்.

1990-களின் கடைசியில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றன. நிறத்தை எடுத்தன, உப்பை அப்படியே விட்டன. நிலையத்தை விட்டு வெளியே வந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை அது பல மடங்கு மீறியது. கோடிக்கணக்கில் செலவழித்து, ஒரு மாசைக் கண்ணுக்குத் தெரியாத மாசாக மாற்றியிருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். கலங்கலாக வந்த தண்ணீரைப் பார்த்து ஒதுங்கியவன், தெளிந்து வந்த தண்ணீரை நம்பிப் பாய்ச்சினான்.

உப்பு ஏறிய தோட்டம் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் வாய்க்கால் ஓரம் வெள்ளையாகப் பூக்கும். காலையில் ஈரமாக இருக்கும்போது தெரியாது. உச்சி வெயிலில் மாவு தூவியது போல் நிற்கும். பிறகு மண் இறுகும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். வெங்காயம் முளைக்காது. மஞ்சள் பழுத்துப் போகும். தென்னை மட்டும் கடைசி வரை தாக்குப் பிடிக்கும். காய் சிறுத்துக்கொண்டே வரும், குரும்பை உதிரும், ஒரு நாள் கொண்டை சாயும். கிணற்றில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்க, குடிக்க மட்டும் பஞ்சாயத்து லாரிக்குக் காத்திருந்த வீடுகள் அந்தக் கரையில் எத்தனையோ.

ஆறு காசு, எட்டு காசு, பத்து காசு

நொய்யல் விவசாயிகளுக்கு வழி காட்டியது பாலாறு. வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு எதிரான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. அதன் விளைவாக அமைந்ததுதான் சூழல் இழப்புத் தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையம். அந்த ஆணையம் நொய்யல் கரைக்கும் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் என 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளை அடையாளம் கண்டு இழப்பீடு நிர்ணயித்தது. மொத்தத் தொகை 25 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தலைக்கு வகுத்துப் பார்த்தால் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு தலைமுறையின் மண்ணுக்கு அது விலையாகாது என்பது என் கருத்து. ஆனாலும், நஷ்டம் நடந்தது என்பதை அரசு ஆவணத்தில் ஏற்றியதே பெரிய காரியம்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் லிட்டர் கணக்கில் அபராதம் விதித்தது. வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசு, சில மாதத்தில் 8 காசு, பிறகு 10 காசு. கேட்கச் சிறிய தொகை. நாளொன்றுக்கு எட்டு கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் விட்ட ஊருக்கு அது தாங்காத தொகை. கொஞ்ச நாளில் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக்கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தீர்ப்பு உறுதியானது. மூன்று மாத அவகாசம் கிடைத்தது. அதற்குப் பிறகும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் சொல்லிவிட்டது.

எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மாதங்களில் திருப்பூர் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. துணிக்குச் சாயமிட வெளியூர்களுக்கு அலைந்தார்கள். ஆர்டர்கள் கை நழுவின. கூலிக்கு வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். திருட்டுத்தனமாக இரவில் ஓடிய பட்டறைகளும் உண்டு. அவை கழிவைப் பக்கத்து ஓடைகளில் விட்டன. மாசைச் சகித்துக்கொண்டு பல வருஷம் கண்டும் காணாமல் இருந்ததற்கான கணக்கை, தொழிலாளியும் விவசாயியுமே கடைசியில் தீர்த்தார்கள். 1990-களிலேயே இந்தக் கண்டிப்பு இருந்திருந்தால் இரு தரப்புமே தப்பித்திருக்கும்.

கதவை மூடிய பிறகு நடந்தது

தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் புதிதாகப் பிறந்தன. இப்போது கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போகிறது. பிறகு நிறம் எடுத்து, வடிகட்டி, எதிர் சவ்வூடு பரவல் எனப்படும் ஆர்.ஓ. சவ்வுகளில் அழுத்துகிறார்கள். தண்ணீரின் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். எஞ்சிய கரிப்பு நீரை ஆவியாக்கிகளில் கொதிக்க வைக்கிறார்கள். ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். அடியில் உப்பு நிற்கும். அந்த உப்பைச் சுத்தம் செய்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். அருள்புரத்தில் உள்ள நிலையம், கரிப்பு நீரைக் கொதிக்க வைக்காமலே சாயமிடத் திருப்பிப் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டியது. இப்போது இப்படிப் பதினெட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. தனியாக நிலையம் வைத்திருக்கும் பட்டறைகள் வேறு.

இதில் நான் முக்கியமாக நினைப்பது இயந்திரத்தை அல்ல. கழிவுநீரை ஆற்றில் விட முடியாது என்றானதும், பட்டறைக்குள் நுழையும் ஒவ்வொரு லிட்டரையும் தன் காசிலேயே சுத்தம் செய்தாக வேண்டிய நிலை வந்தது. அதுவும் கரிப்பு நீரைக் கொதிக்க வைப்பதுதான் இருப்பதிலேயே செலவு பிடிக்கும் வேலை. பாய்லருக்கு விறகு, பம்புக்குக் கரண்ட். அப்போதுதான் தண்ணீரைக் குறைவாக எடுக்கும் எண்ணம் தானாக வந்தது. வின்ச் போய் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் வந்தன. குறைந்த உப்பில் பிடிக்கும் சாயங்களைத் தேடினார்கள். எத்தனை அலசல் வேண்டும் என்று எண்ணத் தொடங்கினார்கள். காவிரிப் படுகையிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் ஊருக்கும் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் திருப்பூருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. மறுசுழற்சிக்குப் பிறகு ஒரு பட்டறை வெளியிலிருந்து வாங்க வேண்டியது, ஓட்டத்தில் இழந்ததை ஈடுகட்டும் அளவுக்குத்தான். தண்ணீரைச் சேமியுங்கள் என்று சுவரில் எழுதி வைத்துப் பல வருஷம் நடக்காதது, வெளியே விடும் வழியை அடைத்ததும் நடந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. குழி தோண்டிப் புதைக்க முடியாது. ஒரு மழையில் கரைந்து நிலத்தடிக்கே போய்விடும். விற்கவும் ஆள் இல்லை. ஆற்றிலிருந்து நாம் எடுத்த மாசு இப்போது கூரைக்கடியில் இருக்கிறது. அதற்கு ஒரு வழி காண்பது அரசும் தொழிலும் சேர்ந்து செய்ய வேண்டிய அடுத்த வேலை. கொதிக்க வைக்க எரிக்கும் விறகுக்கும் ஒரு கணக்கு உண்டு.

இப்போது நகரத்தின் முறை

சாயப்பட்டறைகளுக்கு இவ்வளவு கண்டிப்புக் காட்டிய பிறகும் மழைக்காலத்தில் நொய்யலில் நுரை பொங்குகிறது. மலை போல எழும்பி, பாலத்தின் மேல் பறக்கும் நுரையை வருஷா வருஷம் டி.வி.யில் பார்க்கிறோம். திருட்டுத்தனமாக விடும் சாயக்கழிவு ஒரு காரணம் என்றால், சலவை சோப்பும் மலமும் கலந்த வீட்டுச் சாக்கடை இன்னொரு காரணம். கோவையும் திருப்பூரும் வழியிலுள்ள பேரூராட்சிகளும் தங்கள் சாக்கடையின் பெரும்பகுதியை ஆற்றுக்கும் குளத்துக்கும்தான் அனுப்பி வந்திருக்கின்றன. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. ஒண்டிப்புதூரில் 6 கோடி லிட்டருக்கு. ஆனால் வீடுகளிலிருந்து பாதாளச் சாக்கடை இணைப்பு முழுமையாகாமல் நிலையத்தின் அளவை மட்டும் சொல்லி என்ன பயன்? குழாய் போகாத தெருவின் சாக்கடை மழைநீர் வடிகாலில் இறங்கி, ராஜவாய்க்காலில் சேர்ந்து, குளத்துக்குப் போகிறது. வெள்ளத்தைக் குளத்துக்குக் கொண்டுபோக அமைத்த அதே பாதை.

ஸ்மார்ட் சிட்டி பணத்தில் உக்கடம் பெரியகுளத்தைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் வந்தன. மக்கள் மாலையில் குடும்பத்தோடு போய் உட்காருகிறார்கள். குளத்தை நோக்கி நகரம் திரும்பியது நல்லதுதான். கரையில் கொட்டிய காங்கிரீட்டில் ஒரு பங்கை உள்ளே வரும் சாக்கடையைத் தடுக்கச் செலவழித்திருந்தால் ஆகாயத்தாமரை இப்படி மண்டியிருக்காது.

நகரத்துச் சாக்கடை, சாயக்கழிவைவிடச் சுத்திகரிக்கச் சுலபமானது. அதில் உப்பு குறைவு. சென்னை இதில் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் விற்கிறார்கள். 2019-ல், சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்த அதே வருஷத்தில், இவை ஓடத் தொடங்கின. அதை வாங்கும் தொழிற்சாலைகள் அவ்வளவு நன்னீரையும் ஏரியிலிருந்து எடுக்காமல் விடுகின்றன. கோவையில் வார்ப்புப் பட்டறைகளும் பம்ப் கம்பெனிகளும் இருக்கின்றன. திருப்பூரில் தண்ணீருக்கு ஏங்கும் சாயப்பட்டறைகள். சிறுவாணித் தண்ணீரையும் பில்லூர்த் தண்ணீரையும் குடிக்க வைத்துக்கொண்டு, தொழிலுக்கு நகரத்தின் கழிவுநீரைச் சுத்தம் செய்து கொடுப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. சாயப்பட்டறைக்கு லிட்டருக்கு ஆறு காசு என்று கணக்குப் பார்த்த கண்டிப்பு, மாநகராட்சிக்கு மட்டும் ஏன் இல்லை என்பதே என் கேள்வி.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். நிலத்தடி நீர் உப்பாகிப்போனதால் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மாட்டியிருக்கிறோம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டால் வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற ஆகும். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு ஏறும். 2003-ல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புத் தொட்டி உங்கள் வீட்டில் இருக்கிறதா, இல்லை வண்டி நிறுத்த மூடிவிட்டீர்களா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். மொட்டை மாடியில் விழும் மழைநீரில் உப்பு இல்லை. கரித்துப்போன கிணற்றுக்கு அதை இறக்கினால் சில பருவத்தில் கரிப்புக் குறைவதை நாக்கே சொல்லிவிடும்.

நல்ல செய்திகளும் இருக்கின்றன. நொய்யலின் துணையாறான நல்லாற்றில், திருப்பூர் ஊத்துக்குளி சாலைப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பனியன் நகரத்தின் விளிம்பில் ஒரு சர்வதேச ஈரநிலம்! அதே மாதம் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி, பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குப் போக வழி பிறந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் மூன்று மாவட்ட விவசாயிகள் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர் இது. அந்தக் குளங்களில் எதிலும் ஊர்ச் சாக்கடை கலக்காமல் காப்பது அந்தந்த ஊராட்சியின் பொறுப்பு. நொய்யல் குளங்களுக்கு நேர்ந்தது அங்கே நேர விடக்கூடாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒரு பேனா அளவுதான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நொய்யல் கரையில் இருக்கும் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். பிள்ளைகள் வாரம் ஒரு முறை ஆற்றிலும், பக்கத்துக் கிணற்றிலும், குளத்திலும் முக்கி எண்ணைக் குறித்துக்கொண்டு வரட்டும். அந்த எண்ணைத் தேதியோடு ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். கிராமசபையில் அதைக் கேட்கட்டும்.